ஆங்கில இலக்கணமும் சிவப்பு மையும்

சித்தூர், திருப்பதி கடைவீதிகளில் வளரும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தெலுங்கு வியாகரணத்தை எந்த உபாத்தியாயரும் போதித்ததில்லை. ஆயினும், தங்கை 'வருகிறாள்', பசு 'வருகிறது' என்று வீட்டில் பேதப்படுத்திப் பேசும் சிறுவன், தெருவில் இறங்கித் தெலுங்கு பேசத் தொடங்கியதும் இரண்டுக்கும் 'வஸ்துந்தி' என்ற ஒரே வினைமுடிவைக் கூசாமல் பிரயோகிக்கிறான். அவனே பள்ளியில் 'ஷீ கம்ஸ்' என்பதற்குப் பதிலாக 'ஷீ கம்' என்று எழுதிவிட்டால், சிவப்பு மையால் சுழித்து மதிப்பெண்ணைக் குறைத்துவிடுகிறோம்.

இந்த 'ஸ்' விஷயத்தில் ஆங்கிலேயர் வீட்டுக் குழந்தையும் இலேசில் தேறிவிடுவதில்லை. அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ரோஜர் பிரௌன், மூன்று குழந்தைகளின் பேச்சை ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்து ஆராய்ந்து 1973-இல் வெளியிட்ட நூலில், 'இங்' விகுதியும் பன்மை 'ஸ்'ஸும் முந்தி வர, வினையோடு சேரும் 'ஸ்' வெகுவாகப் பிந்தியே வருவதைக் காட்டினார். இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்போரிடமும் அந்த 'ஸ்' பிந்தியே வருகிறது என்று பிற்கால ஆராய்ச்சிகள் கண்டன. தாய்மொழிக்குப் பங்கே இல்லை என்பதல்ல. 'தி' என்பதற்கு ஈடான சொல் தமிழிலும் தெலுங்கிலும் இல்லாமையால் நம்மவர், பட்டதாரிகள் உட்பட, அதில் ஆயுள் முழுதும் தடுமாறுவது பிரத்தியட்சம்.

1979 முதல் 1984 வரை ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த என்.எஸ். பிரபு பெங்களூர், சென்னை முதலிய ஊர்ப் பள்ளிகளில் நடத்திய பரீட்சார்த்த வகுப்புகளில், இலக்கண விதிகளை ஒதுக்கிவைத்து, ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் பிள்ளைகள்முன் வைத்துக் கணக்கும் வழியும் ஆங்கிலத்திலேயே கண்டுபிடிக்கச் சொன்னார். பலனைப் பற்றி அறிஞரிடையே விவாதம் உண்டு. எனினும் அர்த்தத்தில் மனம் தோயும்போது இலக்கணம் தானே படியும் என்ற அவருடைய அபிப்பிராயம் எனக்குச் சம்மதமே.

ஆந்திர அரசு, அரசுப் பள்ளிகளில் ஆங்கிலப் பயிற்றுமொழியைக் கட்டாயமாக்கி 2019-இல் ஆணை பிறப்பித்ததும், 2020-இல் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் எழுப்பிய கோலாகலத்தில், எந்த மொழியில் என்ற கேள்வி எழுந்த அளவுக்கு எவ்விதம் என்ற கேள்வி எழவில்லை. பயிற்றுமொழி எதுவாயினும் ஆகட்டும். மூன்றாம் வகுப்பு வரையிலாவது இந்த 'ஸ்'ஸுக்காக மதிப்பெண் குறைப்பதை நிறுத்தி, பிள்ளை 'ஷீ கம்' என்றால் 'ஆமாம், ஷீ கம்ஸ்' என்று பதிலிலேயே திருத்திச் சொல்லி, தினமும் ஒரு கதையை உரக்க வாசித்துக் காட்டுமாறு உபாத்தியாயர்களை வேண்டுகிறேன்.