விருந்தினனா, உடைமையா?

இம்மாதம் நாம் எடுத்துக்கொள்வது, 2024-ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி புரூட்டலிஸ்ட்’ என்னும் ஆங்கிலத் திரைப்படம். இயக்குநர் பிராடி கார்பெட். இடைவேளையையும் சேர்த்து 3 மணி 35 நிமிடம் ஓடும் இப்படத்தின் கதாநாயகன் ஏட்ரியன் புரோடிக்கும், ஒளிப்பதிவுக்கும், இசைக்கும் 2025-இல் ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன.

கதை கற்பனையே. ஹங்கேரி நாட்டு யூதரான லாஸ்லோ தோத் சிறந்த கட்டடக் கலைஞர். நாஜிகளின் புக்கன்வால்ட் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பி, 1947-இல் அமெரிக்கா வந்து சேர்கிறார். கப்பலின் இருட்டிலிருந்து மேலேறி வரும்போது சுதந்திர தேவியின் சிலை தலைகீழாகத் தெரிகிறது. அவர் காணப்போகும் வாழ்வுக்கு அதுவே முன்னடையாளம்.

முதலில் இடந்தருபவர் பிலடெல்பியாவில் மரச்சாமான் கடை வைத்திருக்கும் உறவினர் அட்டிலா. கத்தோலிக்கப் பெண்ணை மணந்து கத்தோலிக்கரானவர். தம் குடும்பப் பெயரையும் மறைத்து ‘மில்லர் அண்ட் சன்ஸ்’ என்று பலகை மாட்டியிருக்கிறார். புதல்வரோ எவருமில்லை! கடையின் பின்னறையில் லாஸ்லோவைத் தங்க வைத்த இவரே, ஒரு வேலைக்குக் கூலி வராமற்போய், வீட்டிலும் பழிச்சொல் எழுந்தபோது அவரை வெளியேற்றிவிடுகிறார். இக்காட்சி கத்தோலிக்கராகிய நம் நெஞ்சைச் சுடுகிறது.

நிலக்கரி அள்ளிப் பிழைக்கும் லாஸ்லோவைத் தேடி வருகிறார் வான் பியூரன் என்னும் செல்வந்தர். தம் தாயின் நினைவாக நூலகம், அரங்கம், உடற்பயிற்சிக் கூடம், சிற்றாலயம் யாவும் அடங்கிய பெருங்கட்டடம் ஒன்றை எழுப்பும் பொறுப்பை ஒப்படைக்கிறார். மாளிகையில் இடம், விருந்து, புகழுரை எல்லாம் உண்டு. ஆனால் அது வரவேற்பன்று, கொள்முதல்! இத்தாலியின் கராரா சலவைக்கல் சுரங்கத்தில், தம்மை நம்பி வந்த அக்கலைஞரையே அவர் கொடிய இழிவுக்கு ஆளாக்கும்போது, தருமத்தின் முகமூடி கழன்று விழுகிறது. கட்டடத்தின் உட்பொருளை 1980-இல் வெனிஸ் நகரில் நிகழும் இறுதிக் காட்சி விளக்குகிறது. வதைமுகாமின் சிற்றறைகளின் அளவிலேயே அறைகளை அமைத்து, மேற்கூரையை மட்டும் வான்நோக்கி உயர்த்தியிருக்கிறார் லாஸ்லோ.

படத்தைக் கண்டபின் உண்மை வரலாறு ஒன்று நம் நினைவுக்கு வந்தது. ஹங்கேரியில் யூதக் குடும்பத்தில் 1902-இல் பிறந்து, 1937-இல் அமெரிக்காவில் குடியேறியவர் கட்டடக் கலைஞர் மார்செல் பிராயர். மின்னசோட்டா மாநிலத்துக் காலேஜ்வில் ஊரிலுள்ள புனித யோவான் மடத்தின் பெனடிக்டின் துறவியர், தங்கள் புதிய ஆலயத்தைக் கட்டும் பணியை அவரிடமே அளித்தனர். 1961-இல் நிறைவுற்ற அவ்வாலயத்தின் முன், பூச்சற்ற கான்கிரீட்டாலான 112 அடி உயர மணிச்சுவர் சிலுவையைத் தாங்கி இன்றும் நிற்கிறது. வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்கவேண்டும் என்பது அத்துறவியரின் தந்தை புனித ஆசீர்வாதப்பர் வகுத்த ஒழுங்கு.

கற்பனைச் செல்வந்தர் கலைஞரை விலைக்கு வாங்கினார். மெய்யான துறவியரோ அவரை நம்பித் தங்கள் இறைவனின் இல்லத்தையே ஒப்படைத்தனர். இரண்டுக்குமுள்ள தூரத்தை நம் குடும்பங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏழை உறவினரை வீட்டில் வைத்துக்கொண்டு, உண்ட சோற்றைச் சொல்லிக்காட்டுவதில்லையா? பங்கிற்குப் புதிதாய் வந்தவர், நம்மைப்போல் மாறினால்தான் நம்மவர் என்கிறோமா? அந்நியரை ஏற்றோமா என்றே தீர்ப்பு நாளில் ஆண்டவர் வினவுவார் என மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரம் உணர்த்துகிறது. அவர்களால் நாம் அடைந்த பயன் அங்கே கணக்கில் வராது.

பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை: போதைப்பழக்கம், பாலுறவு, வன்செயல் ஆகியவை வெளிப்படையாகக் காட்டப்படுவதால், சிறுவரும் இளைஞரும் காணத்தக்க படமன்று. முதிர்ந்த உள்ளம் படைத்தோர் கண்டு சிந்திக்கலாம்.