பெட்டிக்குள் கிடக்கும் ஹெல்கேட்

பழைய பிளாஸ்டிக் மாடல் கிட்களைச் சேர்ப்பவர்கள் மத்தியில் ஒரு விசித்திரமான வழக்கம் இருக்கிறது. வாங்குவார்கள், அலமாரியில் அடுக்குவார்கள், பெட்டியைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையைக்கூடக் கிழிக்க மாட்டார்கள். ஏன் என்று கேட்டால், "திறந்தால் மதிப்பு போய்விடும்" என்று பதில் வரும். கட்டுவதற்கென்றே தயாரான ஒரு பொருள், கட்டினால் விலை குறையும் என்ற ஒரே காரணத்துக்காக ஐம்பது அறுபது வருடமாகக் கட்டப்படாமல் கிடக்கிறது. கல்யாணத்துக்கு வந்த மிக்ஸியைப் பெட்டியோடு பரணில் ஏற்றிவிட்டு அம்மியில் அரைத்த கதைதான்!

அந்தப் பெட்டிகளைத் திறந்து கட்டிவிட வேண்டும். சொல்ல வந்தது அவ்வளவுதான். ஏன் என்பதை ஒரே ஒரு கிட்டை வைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் மோனோகிராம் நிறுவனம் 1960களில் வெளியிட்ட, 1/48 அளவு கிரம்மன் எஃப்6எஃப் ஹெல்கேட்.

இந்தப் பொழுதுபோக்கு பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். எஃகு அச்சுக்குள் உருகிய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அழுத்திச் செலுத்தி விமானத்தின் பாகங்களைத் தனித்தனியாக வார்ப்பார்கள். அவை ஒரு சட்டத்தில் ஒட்டியபடியே பெட்டிக்குள் வரும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடிப்பது வாங்குபவரின் வேலை. 1/48 என்றால் நிஜ விமானத்தின் 48 அங்குலம் மாடலில் ஒரு அங்குலம். 13 மீட்டர் இறக்கை அகலம் கொண்ட ஹெல்கேட், மேஜை மேல் சுமார் 27 சென்டிமீட்டராக நிற்கும்.

நிஜ ஹெல்கேட் யார்? இரண்டாம் உலகப்போரில் பசிபிக் கடலில் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து பறந்த போர் விமானம். 2000 குதிரைசக்தி எஞ்சின், ஆறு இயந்திரத் துப்பாக்கிகள், விமானிக்குக் கவசத் தகடு. அழகென்று சொல்ல முடியாது, பீப்பாய்க்கு இறக்கை வைத்த மாதிரி இருக்கும். நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் உள்ள பெத்பேஜ் ஊரில், 1942 முதல் 1945 நவம்பர் வரை 12,275 ஹெல்கேட்களைத் தயாரித்துத் தள்ளினார்கள்.

அதன் இறக்கைக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. விமானந்தாங்கிக் கப்பலில் இடம்தான் பெரிய பிரச்னை. இறக்கையை மேல்நோக்கி மடித்தால் கப்பலின் உள்தளக் கூரையில் இடிக்கும். நிறுவனர் லீராய் கிரம்மன் ஒரு ரப்பரையும் (பென்சில் எழுத்தை அழிக்கும் சாதாரண ரப்பர்தான்) இரண்டு பேப்பர் கிளிப்களையும் எடுத்தார். ரப்பரை விமானத்தின் உடலாக வைத்துக்கொண்டு, கிளிப்களை வெவ்வேறு கோணங்களில் குத்திக் குத்திப் பார்த்தார். இறக்கை திரும்பியபடியே பின்பக்கமாகப் போய் உடலோடு ஒட்டிக்கொள்ளும் கோணம் கிடைத்தது, பறவை இறக்கையை ஒடுக்குவது போல. அந்த அமைப்பு முதலில் வைல்ட்கேட் விமானத்தில் வந்தது, பிறகு ஹெல்கேட்டிலும் தொடர்ந்தது. 2006இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர்கள் சங்கம் அதை ஒரு வரலாற்றுச் சாதனையாக அறிவித்தது.

மோனோகிராம் கிட்டிலும் இறக்கைகள் மடங்கும். ஒரு சாய்ந்த அச்சில் இறக்கை எப்படித் திரும்பிக்கொண்டே பின்னால் போகிறது என்பதைப் பக்கம் பக்கமாக எழுதினாலும் புரியவைப்பது கடினம். கையில் பிடித்து ஒருமுறை மடித்துப் பார்த்தால் போதும். நிஜ இறக்கையே மேஜை மேல் ஒரு மாடலாகத்தான் பிறந்தது என்பதை நினைத்தால், அந்தப் பிளாஸ்டிக் இறக்கையை மடிக்கவே விடாமல் பெட்டிக்குள் பூட்டி வைப்பது எவ்வளவு அபத்தம்!

சரி, மூடி வைப்பவர்களின் வாதங்களுக்கு வருவோம்.

முதல் வாதம் பணம். பழைய கிட் அரிய பொருள், விலை ஏறும் என்கிறார்கள். கேட்க நியாயமாகத் தெரியும். ஆனால் இந்தத் தொழிலில் உண்மையான சொத்து பெட்டி அல்ல, எஃகு அச்சு. அச்சு வெட்டுவதற்கு ஆகும் செலவுதான் பெரியது. அதன்பின் ஒவ்வொரு கிட்டுக்கும் ஆகும் பிளாஸ்டிக் செலவு அற்பம். அதனால்தான் அச்சை யாரும் எளிதில் தூக்கிப்போடுவதில்லை, கை மாறிக்கொண்டே இருக்கும். 1945இல் சிகாகோவில் தொடங்கிய மோனோகிராம் 1986இல் ரெவெல் நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. 2007இல் ஹாபிகோ வாங்கியது. ஹாபிகோ 2018இல் திவாலானபோது ரெவெல் ஒரு ஜெர்மன் முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. இதற்கிடையில் பழைய ஹெல்கேட் அச்சிலிருந்து புதிய பெட்டிகளில் மறுவெளியீடுகளும் வந்தன. அச்சு யாரிடம் இருக்கிறதோ அவர் நினைத்தால் நாளைக்கே இன்னொரு லாட் போடலாம். அந்த நிலையில் அலமாரியில் இருக்கும் பெட்டியின் அருமை என்ன ஆகும்? மற்றவரின் ஒரு முடிவால் கரையக்கூடிய அருமையை முதலீடு என்று அழைப்பது தைரியம்தான்.

இன்னொன்று, பெட்டிக்குள்ளும் தேய்மானம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வருடங்கள் போகப் போக டீகால் எனப்படும் ஒட்டுப்படங்கள் மஞ்சளாகும். நீரில் நனைத்ததும் சுக்குநூறாக உடையும். காக்பிட் கண்ணாடிப் பாகம் சட்டத்தில் உரசி உரசிக் கீறலாகும். பயன்படாமலே தேய்கிற சரக்குக்கு வணிகத்தில் டெட் ஸ்டாக் என்று பெயர். அதற்குப் பொக்கிஷம் என்று பெயர் மாற்றினால் கணக்கு மாறிவிடாது.

இரண்டாவது வாதம் இதற்கு நேர் எதிரானது. "இதே ஹெல்கேட்டை ஹசேகாவா, எடுவார்ட் நிறுவனங்கள் பிற்காலத்தில் இன்னும் துல்லியமாகச் செய்துவிட்டன. பழசை யாராவது கட்டுவார்களா?" என்பது. துல்லியம்தான் நோக்கம் என்றால் இது சரி. பழைய கிட்டில் ரிவெட்களும் தகடு இணையும் கோடுகளும் புடைத்துக்கொண்டு நிற்கும். நிஜ விமானத்தில் அப்படி இருக்காது. அதற்குக் காரணம் தொழில்நுட்பம். அச்சில் ஒரு கோட்டைக் கீறினால், வார்க்கும் பாகத்தில் அது புடைப்பாக வரும். பாகத்தில் கோடு பள்ளமாக வர வேண்டும் என்றால் அச்சில் கோட்டை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றியுள்ள எஃகையெல்லாம் செதுக்கி எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் அது பெரும்பாடு. ஆக அந்தப் புடைப்பைப் பிழை என்று மட்டும் பார்க்க முடியாது. ஒரு காலத்து எஃகுத் தொழிலாளியின் கையெழுத்தும் அதில் இருக்கிறது. புதிய கிட் 1944இன் விமானத்தைக் காட்டும். பழைய கிட் அதோடு 1960களின் தொழிற்சாலையையும் சேர்த்துக் காட்டும்.

கட்டும்போதுதான் இவையெல்லாம் தெரியவரும். அச்சு தேய்ந்திருந்தால் பாகங்களின் ஓரத்தில் பிசிர் இருக்கும், கத்தியால் மெல்ல வழிக்க வேண்டும். உடற்பகுதியின் இரண்டு பாதிகளையும் திரவப் பசையால் இணைக்கும்போது, பசை பிளாஸ்டிக்கையே கரைத்து ஒன்றாக உருக்கிவிடுகிறது. காகிதத்தை ஒட்டுவதைவிட வெல்டிங்குக்கு நெருக்கமான வேலை அது. இடைவெளி விழுந்தால் பட்டி வைத்து, காயவிட்டு, நனைத்த உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அப்படித் தேய்க்கும்போது பக்கத்து ரிவெட்களும் அழிந்துபோகும். எவ்வளவு தேய்க்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை விரல்தான் சொல்லும். மஞ்சளான டீகாலை ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி ஒட்டிவைத்துச் சில நாளில் வெளுக்கச் செய்வார்கள். உடையாமலிருக்க அதன்மேல் மெல்லிய வார்னிஷ் பூசுவார்கள். பெட்டியைத் திறந்தவர்கள் திறந்து திறந்து கண்டுபிடித்த வித்தைகள் இவை.

மூன்றாவது வாதம்தான் கனமானது. "எத்தனையோ பேரைக் கொன்ற எந்திரத்தைப் பொம்மையாகச் செய்து அழகு பார்ப்பது சரியா?" இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. பிளாஸ்டிக் மாடலின் பூர்வீகத்தில் போருக்கும் பங்கு இருக்கிறது. 1942இல் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மர விமான மாடல்களைச் செய்து தரும்படி கேட்டது. எல்லாம் 1/72 அளவு, கறுப்பு நிறம். அந்த அளவில் ஒரு மாடலை 35 அடி தள்ளி நின்று பார்த்தால், நிஜ விமானம் ஏறக்குறைய அரை மைலுக்கு அப்பால் தெரிவது போல இருக்கும். வானத்தில் வருவது நம்முடையதா எதிரியுடையதா என்று வீரர்கள் நொடியில் கண்டுபிடிக்க அந்த மாடல்களை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு சிகாகோவின் க்ரூவர் நிறுவனம் அதே வேலைக்குப் பிளாஸ்டிக்கில் மாடல் செய்து கொடுத்தது.

பெட்டியின் மேல் இருக்கும் படம் பெரும்பாலும் வெற்றியை மட்டும்தான் காட்டும். 1944 ஜூன் 19 அன்று பிலிப்பைன் கடல் போரில் ஜப்பான் ஒரே நாளில் 300க்கும் மேற்பட்ட விமானங்களை இழந்தது. அமெரிக்கர்கள் அதை வான்கோழி வேட்டை என்று பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். எதிரே வந்த ஜப்பானிய விமானிகளில் பலர் போதிய பயிற்சி இல்லாமல் அனுப்பப்பட்ட இளைஞர்கள். இதைப் பெட்டிப் படம் சொல்லாது. ஆனால் மாடலைக் கட்டுபவர் ஒரு கேள்விக்குப் பதில் தேடியே ஆக வேண்டும்: இது யாருடைய விமானம், எந்த நாள், எந்தக் கப்பல்? அதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த எண்ணை ஒட்டுவது, எந்த நிறத்தை அடிப்பது என்று முடிவு செய்ய முடியாது. 1944 தொடக்கம் வரை இரண்டு நீலமும் அடியில் வெள்ளையும், அதன்பின் முழுக்கப் பளபளக்கும் கருநீலம் என்று நிறமே தேதியைச் சொல்லும். நிறத்தைத் தேடிப் போகிறவர் வரலாற்றில் போய் விழுவார்.

கட்டுக்கதைகளும் அங்கேதான் உடையும். அமெரிக்கர்கள் கைப்பற்றிய ஜப்பானிய ஜீரோ விமானத்தை ஆராய்ந்துதான் ஹெல்கேட்டை வடிவமைத்தார்கள் என்று பலரும் இன்றும் சொல்வார்கள். தேதிகளைப் பாருங்கள். ஹெல்கேட்டின் முதல் மாதிரி பறந்தது 1942 ஜூன் 26. அலூசியன் தீவுகளில் விழுந்து கிடந்த அந்த ஜீரோவை அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததே ஜூலையில்தான்! பறந்துவிட்ட விமானத்தை அதற்குப்பின் கிடைத்த விமானத்தைப் பார்த்து எப்படி வடிவமைத்திருக்க முடியும்?

நம் பக்கத்துச் சங்கதி ஒன்றும் உண்டு. ஹெல்கேட்டைப் பிரிட்டிஷ் கடற்படையும் பறக்கவிட்டது. 1944 ஆகஸ்டில் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட கப்பற்படை சுமத்ராவின் பாடாங் பகுதியைத் தாக்கியபோது, இன்டாமிடபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் இருந்தவை ஹெல்கேட்கள். அந்தப் போரில் பிரிட்டிஷ் கடற்படை கோயம்புத்தூரில் ஒரு விமானப் பராமரிப்பு நிலையமே நடத்தியது, பெயர் கருடா! கிழக்கில் பறந்த பிரிட்டிஷ் விமானங்களின் வட்டக் குறியில் நடுச் சிவப்பை எடுத்துவிட்டார்கள். ஜப்பானின் சிவப்பு வட்டம் என்று நினைத்துத் தங்கள் ஆட்களே சுட்டுவிடக்கூடாது என்பதற்காக. அமெரிக்க நட்சத்திரங்களை ஒதுக்கிவிட்டு இந்தக் குறிகளைப் போட்டால் அதே கிட் திருகோணமலை ஹெல்கேட்டாகிவிடும்.

கொன்ற எந்திரம் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் பூட்டிய பெட்டி அந்த உண்மையையும் சேர்த்தே பூட்டி வைக்கிறது. சுவரில் சாத்தி வைத்த பெட்டி வெறும் வெற்றிப் படம், கட்டிய மாடலோ பார்க்கிறவரைக் கேள்வி கேட்க வைக்கும்.

கடைசியாக ஒன்று. 1960களில் பத்து வயதில் இந்த கிட்டை ஆசைப்பட்டு வாங்கியவர்களுக்கு இப்போது எழுபதை ஒட்டிய வயது. ஓய்வு பெற்றதும் கட்டலாம் என்று சேர்த்து வைத்த பெட்டிகளைக் கண்ணும் கையும் தளர்ந்தபின் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அவர்களுக்குப்பின் அந்தப் பெட்டிகள் இன்னொரு அலமாரிக்குப் போகும், அங்கிருந்து இன்னொன்றுக்கு. ஒவ்வொரு கையிலும் விலை மட்டும் மாறும். பாகங்கள் சட்டத்திலேயே இருக்கும். விலைச்சீட்டைத் தவிர வேறு எதையும் இதில் யாரும் யாருக்கும் கொடுத்துவிட்டுப் போவதில்லை.

அதே பெட்டியை ஒரு தாத்தாவும் பேரனும் ஒரு வாரக் கடைசியில் திறந்தால்? டீகால் ஒன்றிரண்டு உடையலாம், பசை விரலில் ஒட்டலாம், இறக்கை இணையும் இடத்தில் கோடு தெரியலாம். தெரியட்டுமே! பையன் அந்த இறக்கையைப் பின்னால் மடித்து, மறுபடி விரித்து, "இது எப்படி இப்படித் திரும்புது?" என்று கேட்பான். தாத்தா ஒரு ரப்பரும் இரண்டு பேப்பர் கிளிப்பும் எடுத்துவரச் சொல்லலாம்.