ராஜா... எந்த ராஜா?

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு "ராஜா" என்று சத்தமாக ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். பத்துப் பேராவது திரும்புவார்கள். அதில் ஒருவருக்கு அது சாதிப் பெயர். இன்னொருவருக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர். மூன்றாமவருக்கு அது பெயரே இல்லை, வீட்டில் செல்லமாகக் கூப்பிடுவது. கூப்பிட்டவருக்கு மட்டும்தான் எந்த ராஜா வேண்டும் என்று தெரியும்.

தமிழ்நாட்டு அரசியலிலும் இதே கூத்துதான். நூறு வருடமாக ராஜாக்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பானகல் ராஜா, பொப்பிலி ராஜா, எம்.சி. ராஜா, குமாரசாமி ராஜா, டி. ராஜா, ஆ. ராஜா, எச். ராஜா, டி.ஆர்.பி. ராஜா. டிவியில் "ராஜா அறிக்கை" என்று ஓடினால் முன்னால் இருக்கும் ஒற்றை எழுத்தைப் பார்த்த பிறகுதான் கோபப்படுவதா கைதட்டுவதா என்று முடிவு செய்யவேண்டியிருக்கிறது :-)

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே கடைசிப் பெயர் என்பது குடும்பப் பெயர். ஆடம்ஸ் என்றால் அப்பா, மகன் இருவரும் ஜனாதிபதி. புஷ் என்றாலும் அப்படியே. ரூஸ்வெல்ட் இருவரும் தூரத்துச் சொந்தம், கட்சி மட்டும் வேறு வேறு. அங்கேயும் ஏமாற்றும் ஒரு பெயர் உண்டு, ஜான்சன். ஆண்ட்ரூ ஜான்சன் பிறந்தது 1808, லிண்டன் ஜான்சன் பிறந்தது 1908. இருவருமே துணை ஜனாதிபதியாக இருந்தவர்கள். மேலே இருந்தவர் சுட்டுக் கொல்லப்பட்டதால் நாற்காலிக்கு வந்தவர்கள், முன்னவர் 1865ல் லிங்கனுக்குப் பிறகு, பின்னவர் 1963ல் கென்னடிக்குப் பிறகு. ஆனால் இருவருக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. முதல் ஜான்சன் 1866ல் கறுப்பின மக்களுக்கான குடியுரிமைச் சட்டத்தைத் தன் அதிகாரத்தால் தடுக்கப் பார்த்தார் (காங்கிரஸ் அவரை மீறி நிறைவேற்றியது). இரண்டாம் ஜான்சன் 1964ல் புகழ்பெற்ற சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரே பெயர், நேர் எதிர்த் திசை.

நம் ராஜாக்கள் எல்லாருமே ஜான்சன்கள்தான். குழப்பம் இன்னும் ஒரு படி அதிகம். ஜான்சன் இரண்டு இடத்திலும் குடும்பப் பெயராவது. ராஜா ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு ஜாதிப் பொருள். சில இடத்தில் பட்டம், சில இடத்தில் சாதி, சில இடத்தில் வெறும் பெயர். லெட்ஜரில் ஒரே பெயரில் எட்டு கணக்கு இருந்தால் ஃபோலியோ நம்பர் பார்க்காமல் பதிவு போடக்கூடாது இல்லையா, அது மாதிரி.

முதலில் பட்ட ராஜாக்கள். பனகண்டி ராமராயநிங்கார் என்றால் யாருக்கும் தெரியாது, பானகல் பார்க் என்றால் தி.நகரில் புடவை வாங்கப் போன எல்லாருக்கும் தெரியும். அவர்தான் பானகல் ராஜா. 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி. முதல் வகுப்புவாரி அரசாணை 1921ல் அவர் ஆட்சியில் வந்தது. கோயில் சொத்துக்களை அரசு மேற்பார்வைக்குக் கொண்டுவந்த அறநிலையச் சட்டத்துக்கும் அவர்தான் தொடக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் வாசலில் இன்று தொங்கும் அறநிலையத்துறை போர்டுக்குக் கொள்ளுத்தாத்தா என்று அவரைச் சொல்லலாம்.

அடுத்தவர் பொப்பிலி ராஜா. இவர் நிஜமாகவே அரண்மனைக்காரர். முப்பதுகளில் மாகாணத்தை ஆண்டார். 1937 தேர்தலில் அவருடைய சொந்தப் பொப்பிலியிலேயே தொழிற்சங்கக்காரர் ஒருவர் அவரைத் தோற்கடித்தார். அந்தத் தொழிற்சங்கக்காரர் வி.வி. கிரி, பின்னாளில் இந்திய ஜனாதிபதி.

இனி நம்ம ஊர் ராஜா.

பூ.ச. குமாரசாமி ராஜா ராஜபாளையத்தில் 1898ல் பிறந்தவர். அவர் பெயரில் உள்ள ராஜாவுக்கும் அரண்மனைக்கும் சம்பந்தம் இல்லை. அது ராஜுக்கள் என்ற சமூகத்தின் அடையாளம். விஜயநகர காலத்தையொட்டி ஆந்திரப் பக்கத்திலிருந்து தெற்கே வந்தவர்கள் என்று சொல்லப்படுகிறது. வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். சுவாரசியம் என்னவென்றால், அவருடைய உண்மையான குடும்பப் பெயர் கடைசியில் இல்லை, முதல் எழுத்தில் ஒளிந்திருக்கிறது. 'பூ' என்பது பூசபாடி என்ற வீட்டுப் பெயர், 'ச' என்பது அப்பா சஞ்சீவி ராஜா. தெலுங்கில் இன்டிபேரு என்பார்கள், அது பெயருக்கு முன்னால் வரும். விஜயநகரம் ராஜ குடும்பத்துக்கும் இதே வீட்டுப் பெயர்தான். 2014 முதல் 2018 வரை மத்திய விமானத்துறை மந்திரியாக இருந்த அசோக் கஜபதி ராஜு அந்தக் குடும்பம். அமெரிக்க முறைப்படி பெயரை எழுதினால் குமாரசாமி ராஜாவும் அசோக் கஜபதியும் ஒரே கடைசிப் பெயர் கொண்டவர்கள் ஆகிவிடுவார்கள். நம் முறையில் எழுதுவதால் குமாரசாமி ராஜாவும் எம்.சி. ராஜாவும் ஒரே வரிசையில் வந்து நிற்கிறார்கள். முறையை மாற்றினால் உறவே மாறுகிறது!

சின்ன வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தவர் குமாரசாமி ராஜா. காந்தி வழியில் காங்கிரசுக்கு வந்தார். 1949 ஏப்ரலில் ஓமந்தூரார் பதவி விலகியபோது காமராஜர் கோஷ்டியின் ஆதரவோடு பிரதம மந்திரி ஆனார். 1950 ஜனவரி 26ல் நாடு குடியரசானது. அன்று முதல் அந்தப் பதவிக்குப் பெயர் முதலமைச்சர். ஆக, குடியரசு இந்தியாவில் சென்னை ராஜ்யத்தின் முதல் முதலமைச்சர் ராஜபாளையத்துக்காரர். ஊரிலேயே இது நிறையப் பேருக்குத் தெரியாது என்பது வேறு விஷயம். ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய பி.ஏ.சி. ராமசாமி ராஜாவையும் இவரையும் ஒருவரென்றே நினைத்துக் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. பெயர் செய்யும் வேலை!

அவர் ஆட்சியில் வந்த பெரிய சோதனையும் சாதி சம்பந்தப்பட்டதுதான். வகுப்புவாரி அரசாணைப்படி கல்லூரி இடங்கள் 14, 14 ஆகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு பதினான்கிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 1950ல் இதைச் செல்லாது என்றது. குமாரசாமி ராஜா அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் 1951 ஏப்ரலில் அங்கேயும் தோற்றது. தமிழ்நாட்டில் கிளர்ச்சி வெடித்தது. அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டம் முதல் முறையாகத் திருத்தப்பட்டது. இன்று எந்த மாணவன் கையில் கம்யூனிட்டி சர்டிஃபிகேட்டோடு கவுன்சிலிங்குக்குப் போனாலும் அந்த வழக்கைத் தாண்டித்தான் போகிறான்.

1952 தேர்தல். முதலமைச்சர் போட்டியிட்டது பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். தோற்றார். அவருடைய மந்திரி பக்தவத்சலம் உள்படப் பல பேர் தோற்ற தேர்தல் அது, 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. பொப்பிலி ராஜாவுக்கு 1937ல் நடந்தது பதினைந்து வருடம் கழித்து இந்த ராஜாவுக்கும் நடந்தது. ராஜினாமா செய்தார், ராஜாஜி வந்தார். 1954 முதல் 1956 வரை ஒரிசா கவர்னராக இருந்தார். 1957ல் இறந்தார். தன் வீட்டைப் பொதுக் காரியத்துக்குக் கொடுத்துவிட்டார். ராஜபாளையத்தில் காந்தி கலை மன்றம் இருப்பது அந்த வீட்டில்தான்.

1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். அதன்பின் தமிழ்நாட்டு அரசியலில் ரெட்டியார், முதலியார், நாயுடு எல்லாம் மெல்ல மெல்லப் பெயரிலிருந்து உதிர்ந்தன. ராஜா மட்டும் தப்பித்துவிட்டது. காரணம் ரொம்ப எளிது. ராஜா என்பதைப் பார்த்தால் சாதி மாதிரித் தெரியாது, ஆளின் பெயர் மாதிரித்தான் தெரியும்.

தப்பித்ததில் ஒரு நல்லதும் நடந்தது. ராஜா என்ற பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆனது. சித்தாத்தூரில் நிலமில்லாத விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு ராஜா என்று பெயர் வைத்தார்கள். அவர் 2019ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் ஆனார். பெரம்பலூர் பக்கத்து ஆண்டிமுத்து தன் மகனுக்கு ராஜா என்று பெயர் வைத்தார். அந்த ஆ. ராஜா 2007ல் மத்திய தொலைத்தொடர்பு மந்திரி ஆனதும், 2010ல் பதவி விலகியதும், 2ஜி வழக்கில் 2017 டிசம்பரில் தனி நீதிமன்றம் விடுதலை செய்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. எச். ராஜா 2001ல் காரைக்குடி எம்.எல்.ஏ., பா.ஜ.க.வின் உரத்த குரல். மன்னார்குடி டி.ஆர்.பி. ராஜாவை அறிமுகப்படுத்த டி.ஆர். பாலுவின் மகன் என்று சொன்னால் போதும். இந்த நாலு பேரில் எந்த இரண்டு பேரையாவது அந்தப் பெயர் சேர்த்துவைக்கிறதா? இல்லை. அரண்மனை, சாதி, கொள்கை எதுவும் இல்லாமல் ஒரு ஆசை மட்டும் அந்தப் பெயரில் இருக்கிறது.

இவர்களுக்கெல்லாம் முன்னால் அந்த ஆசையைச் சுமந்தவர் மயிலை சின்னத்தம்பி ராஜா. எம்.சி. ராஜா என்றால் தெரியும், அல்லது தெரியாது. 1883ல் பரங்கிமலையில் பிறந்த பள்ளிக்கூட வாத்தியார். சென்னை சட்டசபையில் தாழ்த்தப்பட்டோர் சார்பில் உட்கார்ந்த முதல் உறுப்பினர். ஒரே சபையில் பட்டத்தால் ராஜாவான பானகலும், பெயரால் ராஜாவான இவரும் இருந்தார்கள். இழிவாகக் கூப்பிடும் பெயர்களை அரசுப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டு ஆதிதிராவிடர் என்று எழுதவேண்டும் என்று 1922ல் தீர்மானம் கொண்டுவந்து ஜெயித்தார். அடுத்த வருடமே நீதிக்கட்சியில் தன் மக்களுக்கு இடமில்லை என்று வெளியேறினார். பெயர் என்றால் என்ன என்று ராஜாக்களிலேயே நன்றாகத் தெரிந்தவர் இவர்தான்.

1932ல் இவர் டாக்டர் மூஞ்சேயுடன் ஒரு ஒப்பந்தம் செய்தார். தனி வாக்காளர் தொகுதி வேண்டாம், எல்லாரும் சேர்ந்து ஓட்டுப் போடட்டும், ஆனால் சில இடங்களில் தாழ்த்தப்பட்டவர் மட்டுமே நிற்கவேண்டும் என்பது அதன் சாரம். அம்பேத்கர் அன்று கடுமையாக எதிர்த்தார். அதே செப்டம்பரில் காந்தியின் உண்ணாவிரதத்துக்குப் பிறகு வந்த பூனா ஒப்பந்தம் இந்த முறையைத்தான் ஏற்றது. மாகாணங்களில் 148 இடங்கள், அதில் சென்னைக்கு 30. எம்.சி. ராஜா செய்தது சரியா தவறா என்ற சண்டை இன்னும் முடியவில்லை. அவருக்கே அடி விழுந்தது. 1938ல் அவர் கொண்டுவந்த கோயில் நுழைவு மசோதாவை ராஜாஜி அரசு ஆதரிக்காமல் தோற்கவிட்டது. 1942ல் கிரிப்ஸ் வந்தபோது பழைய எதிரி அம்பேத்கருடன் சேர்ந்து போய்ப் பார்த்தார். மறு வருடம் இறந்தார்.

ஆனால் தனித்தொகுதி என்ற ஏற்பாடு அவர் கேட்ட வடிவத்தில்தான் நிற்கிறது. அது எங்கே வந்து நின்றது பாருங்கள். ராஜுக்களின் ஊரான ராஜபாளையம் 2006 தேர்தல் வரை தனித்தொகுதி. ஊரின் ராஜாக்கள் யாரும் அங்கே வேட்பாளராக முடியாது, ஓட்டுப் போடலாம், அவ்வளவுதான். 2008 மறுசீரமைப்பில் ராஜபாளையம் பொதுத்தொகுதி ஆனது. அதற்குப் பதில் போல ஸ்ரீவில்லிபுத்தூர் தனித்தொகுதி ஆனது, 1952ல் குமாரசாமி ராஜா தோற்ற அதே ஸ்ரீவில்லிபுத்தூர்.

இந்த இரண்டு ஊரிலும் யார் நிற்கலாம், யாருக்கு ஓட்டுப் போடவேண்டும் என்பதை இத்தனை வருடமாகத் தீர்மானித்ததில் ஒரு ராஜாவுக்குப் பங்கு உண்டென்றால், அது ராஜபாளையத்து ராஜா இல்லை, பானகலோ பொப்பிலியோ இல்லை. பரங்கிமலை வாத்தியார்தான். குமாரசாமி ராஜாவையாவது காந்தி கலை மன்றத்துக் கட்டடம் ஞாபகப்படுத்துகிறது. எம்.சி. ராஜாவுக்கு இந்தப் பக்கம் எதுவும் கண்ணில் படுவதில்லை. சென்னை சைதாப்பேட்டையில் அவர் பெயரில் கல்லூரி மாணவர் விடுதி ஒன்று இருக்கிறது. தெற்கேயிருந்து படிக்கப் போகும் பிள்ளைகள் அந்தப் போர்டைப் பார்த்து, ஏதோ ஒரு ஜமீன்தார் கட்டிக்கொடுத்தது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள்.