கட்டிலோடு கட்டப்பட்ட கைகள்

இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்யப்பட்ட மூதாட்டி ஒருவரைப் பார்க்க, எங்கள் பங்கிலிருந்து சிலர் அண்மையில் சென்றிருந்தோம். அவருடைய இரு கைகளும் துணிப்பட்டையால் கட்டில் கம்பியோடு கட்டப்பட்டிருந்தன. "ராத்திரி எழுந்து ஓடப் பார்க்கிறார், விழுந்துவிடுவார்" என்றார்கள். செவிலியரைக் குறைசொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. வார்டு முழுவதையும் ஒருவரே இரவில் பார்த்துக்கொண்டால் அவரும் என்னதான் செய்வார்?

ஆனால், கட்டிவைத்தால் விழுவது நிற்கிறதா? அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இது நெடுநாள் வழக்கமாக இருந்தது. பணியாளரின் வசதிக்காகவோ தண்டனையாகவோ எவரையும் கட்டக்கூடாது என்று 1987-இல் அந்நாட்டில் சட்டம் வந்தது. 1991-இல் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கட்டப்பட்டிருந்த நிலை, 2007-இல் இருபதில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்தது. கட்டப்பட்டவர்களிடமே கடுமையான காயங்கள் அதிகம் காணப்பட்டதாக 1992-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இதில் வியப்பில்லை. அசையாத கால்கள் சில நாட்களிலேயே வலுவிழக்கின்றன. திமிறத் திமிற மனக்குழப்பமும் கூடுகிறது. பக்கவாட்டுக் கம்பியை உயர்த்தினாலும் இதே கதைதான். குழப்பத்தில் இருப்பவர் அதன்மேல் ஏறி, இன்னும் உயரத்திலிருந்து விழுகிறார். எழுந்தால் ஒலிக்கும் கட்டில் மணியும் விழுவதைக் குறைக்கவில்லை என்று 2012-இல் ஓர் அமெரிக்க மருத்துவமனை ஆய்வு தெரிவித்தது.

அவர் ஏன் எழுகிறார் என்று முதலில் கேட்க வேண்டாமா? பல நேரங்களில் சிறுநீர் கழிக்கத்தான். வலி, தாகம், மலச்சிக்கல் ஆகியவையும் காரணமாகலாம். சில மணி நேரத்தில் திடீரென வரும் குழப்பம், மெல்ல வளரும் மறதிநோயிலிருந்து வேறானது. அதற்குப் பின்னால் கிருமித்தொற்றோ, நீர்ச்சத்துக் குறைவோ, புதிதாகத் தந்த மருந்தோ இருக்கக்கூடும். "வயசானால் அப்படித்தான்" என்று நாமே முடிவு செய்துவிடாமல், "நேற்றுவரை இப்படி இல்லை" என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அமைதியாகக் கிடக்கட்டும் என்று தரும் தூக்கமாத்திரை, தள்ளாட்டத்தை அதிகப்படுத்துவதும் உண்டு.

யேல் பல்கலைக்கழக மருத்துவர் ஷாரன் இனோயியும் அவருடைய குழுவினரும் எழுபது வயதைக் கடந்த 852 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1999-இல் வெளிவந்தது. வழக்கமான கவனிப்பில் 15 விழுக்காட்டினருக்கு வந்த திடீர்க் குழப்பம், தனிக் கவனிப்புப் பெற்றவர்களில் 9.9 விழுக்காடாகக் குறைந்திருந்தது. இப்படிப்பட்ட கவனிப்பால் விழுதலும் குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டுக் கட்டுரை கூறியது. அப்படி என்ன செய்தார்கள்? நாளும் இடமும் சொல்லிப் பேச்சுக் கொடுத்தார்கள். கண்ணாடியையும் காதுக்கருவியையும் மாட்டிவிட்டார்கள். தண்ணீர் குடிக்க வைத்தார்கள். கைபிடித்து நடத்தினார்கள். இரவில் மாத்திரைக்குப் பதில் சூடான பாலும் முதுகு நீவலும் தந்தார்கள். இவற்றில் பலவற்றைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வத் தொண்டர்களே!

நம் அன்பியங்களும் நோயாளிகளைச் சந்திக்கின்றனவே. பழம் கொடுத்து, செபம் சொல்லி, ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறோம். குழப்பம் கூடும் மாலை வேளையில் ஒரு மணி நேரம் உடன் உட்கார நம்மில் யாருக்கு இயலும்?

அந்த மூதாட்டியின் கண்ணாடி, தொலைந்துபோகும் என்ற பயத்தில் வீட்டில் வைக்கப்பட்டிருந்தது. மறுநாள் மகள் அதைக் கொண்டுவந்தார். அன்று மாலை எங்களில் இருவர் அருகில் அமர்ந்தபோது, செவிலியரே வந்து கட்டை அவிழ்த்தார். "மணி என்ன ஆச்சு?" என்று கேட்டார் பாட்டி.