கடைசி இரவு வாடகையில் மிச்சம் பிடிக்காதீர்கள்



லீவு வந்தால் நுவரெலியா, வெலிமடைப் பக்கத்து எங்கட பிள்ளைகள் வேன் பிடித்து நிலாவெளிக்குப் போகிறார்கள். புறாத்தீவில் ஸ்கூபா. நல்லது, போகட்டும். நாம் எதிர்ப்பது ஒரு கணக்கை மட்டும்தான்: "ஒரு இரவுதான் ரூம். கடைசி நாள் பின்னேரம் டைவ் அடிச்சிட்டு, இரவோடிரவா ஊருக்கு."

இது மலிவல்ல, மடமை.

நீருக்கடியில் அமுக்கம் கூடும்போது நைதரசன் உடம்பில் கரைகிறது. அது வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் மலையேறினால், மூடி திறந்த சோடாப் போத்தல் மாதிரி உடம்புக்குள் குமிழி கிளம்பும். மூட்டுவலியில் தொடங்கி கைகால் விளங்காமலும் போகலாம். ஒருமுறை மூழ்கினால் 12 மணித்தியாலம், பலமுறை என்றால் 18 மணித்தியாலமாவது விமானம் ஏறக்கூடாது என்கிறார்கள். 2,000 அடிக்கு மேல் போவதும் அப்படித்தான். நுவரெலியாவோ 6,000 அடிக்கும் மேல்!

மிச்சம் பிடிக்க வேறு இடமா இல்லை? தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கே தங்க முடியாது. எல்லோரும் கரையில்தான் தங்க வேண்டும், கரையிலிருந்து படகில் கொஞ்ச நேரம்தான். பிறகு ஏன் கடல் பார்த்த ஏசி அறை? வீதிக்கு உட்புறம் ஃபேன் ரூம் எடுங்கள். பக்கத்தில் இறக்கக்கண்டியில் பள்ளியும் உண்டு, ஹலால் சாப்பாடும் உண்டு. மிஞ்சும் காசில் இன்னொரு இரவு தங்கலாம்.

அதுவும் முடியாதா? முதல் நாளே டைவ் அடியுங்கள். மறுநாள் கரையில் குளித்துவிட்டு, பின்னேரம் வெளிக்கிடுங்கள். ஒரு சதமும் கூடாது.

டூர் ஒழுங்கு செய்யும் சகோதரர்களே, அந்தப் பிள்ளைகள் உங்களிடம் தரப்பட்ட அமானிதம். ஒரு இரவு வாடகைக்காக அதில் கைவைக்காதீர்கள்.