ஏ.எம்.எல். உட்பிரிவுகள்: அறிக்கையில் என்ன எழுதுவது?

தீவிர மைலாய்டு லுக்கீமியா (ஏ.எம்.எல்.) என்ற ஒரே பெயருக்குள் போக்கிலும் சிகிச்சையிலும் வேறுபட்ட பல நோய்கள் இருக்கின்றன. 1976இல் பிரெஞ்சு, அமெரிக்க, பிரிட்டிஷ் வல்லுநர்கள் வகுத்த எஃப்.ஏ.பி. முறை, செல்லின் வம்சத்தையும் முதிர்ச்சியையும் பார்த்து அவற்றைப் பிரித்தது. எம்7 1985இலும், எம்0 1991இலும் அதில் சேர்ந்தன. நுண்ணோக்கியும் சில சாயங்களும் போதும் என்பதால் அது நிலைத்தது. ஆனால் எம்1, எம்2, எம்4 போன்ற பெயர்கள் நோயாளியின் எதிர்காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. டி(8;21) உள்ள எம்2வும் அது இல்லாத எம்2வும் ஒரே சிகிச்சைக்கு ஒரே மாதிரி பலன் தருவதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2001 வகைப்பாடு பிளாஸ்ட் வரம்பை 30 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்து, மரபணு மாற்றங்களுக்கு முதலிடம் கொடுத்தது. 2022இல் இரண்டு வகைப்பாடுகள் வந்தன. என்பிஎம்1 மாற்றமும் மஜ்ஜையில் 7 சதவீத பிளாஸ்டும் உள்ளவருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்தாம் பதிப்புப்படி ஏ.எம்.எல்.; பன்னாட்டு ஒருமித்த வகைப்பாடு 10 சதவீதமாவது கேட்கிறது. எனவே எந்த வகைப்பாட்டின்படி எழுதப்பட்டது என்பதை அறிக்கை சொல்லியாக வேண்டும்.

எல்லா உட்பிரிவுகளிலும் அவசரமானது ஏ.பி.எல்., பழைய எம்3. 1957இல் நார்வேயின் ஹில்லெஸ்டாட் இதை விவரித்தபோது, ரத்தக்கசிவால் சில வாரங்களில் உயிரைப் பறிக்கும் நோயாகவே அது இருந்தது. 15, 17ஆம் குரோமோசோம்களின் இடமாற்றத்தை 1977இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி குழு காட்டியது. அதில் பிறப்பதே பிஎம்எல்-ராரா இணைவு. ஷாங்காயிலிருந்து ஆட்ராவும் ஹார்பினிலிருந்து ஆர்செனிக் டிரையாக்சைடும் வந்து நிலைமையைப் புரட்டிப்போட்டன. ஆர்செனிக்கை மட்டுமே கொடுத்துச் சிகிச்சை செய்த 72 நோயாளிகளின் அனுபவத்தை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 2006இல் வெளியிட்டது. 86 சதவீதத்தினருக்கு முழு நிவாரணம் கிடைத்தது. செலவு தாங்க முடியாத நாடுகளுக்கு அது பெரிய கொடை.

இன்று ஏ.பி.எல். நோயாளியை இழப்பது பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான். நுண்துகள் வடிவம் அங்கே ஏமாற்றும். வெள்ளணு எண்ணிக்கை ஏறியிருக்கும். கரு நடுவில் இறுகி, இரண்டு மடல்களாகப் பிரிந்திருக்கும். துகள்கள் கண்ணுக்குப் படா. பார்த்தவுடன் மோனோசைட் என்றே தோன்றும். மைலோபெராக்சிடேஸ் சாயம் போட்டால் செல் முழுவதும் அடர்ந்து நிறைந்துவிடும். பூச்சின் ஓரம்வரை பொறுமையாகத் தேடினால் அவுவர் தண்டுகள் கட்டுக்கட்டாய்க் கிடக்கும் ஒன்றிரண்டு செல்களாவது பெரும்பாலும் அகப்படும். ஃப்ளோவில் எச்.எல்.ஏ.-டிஆர் பொதுவாக இருக்காது, என்பிஎம்1 ஏ.எம்.எல்.லிலும் சில சமயம் அப்படியே என்பதால் ஃபிஷ் அல்லது பி.சி.ஆர். உறுதி தேவை. அந்த உறுதிக்காக ஆட்ராவை நிறுத்திவைக்கக் கூடாது. பிளேட்லெட்டை 30,000–50,000க்கு மேலும், ஃபைப்ரினோஜனை 100–150 மில்லிகிராமுக்கு மேலும் வைத்திருப்பது அன்றே தொடங்க வேண்டிய வேலை.

டி(8;21), இன்வெர்ஷன் 16 ஆகிய இரண்டும் கீமோவுக்கு நன்றாக இணங்குபவை. மூலக்கூறு அளவில் நோய் அடங்கினால் முதல் நிவாரணத்திலேயே மாற்று மஜ்ஜை பொதுவாகத் தேவைப்படாது. இன்வெர்ஷன் 16, பட்டைகள் தெளிவில்லாத காரியோடைப்பில் எளிதாகத் தப்பிவிடும். கருநீலத் துகள்கள் கலந்த ஈசினோஃபில்கள் தெரிந்தால் ஃபிஷ் கேட்காமல் விடக் கூடாது.

பெரியவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு என்பிஎம்1 மாற்றம் உண்டு. 2005இல் இத்தாலியின் ஃபாலினி குழு கண்டறிந்தது இது. எஃப்எல்டி3 உள்நகல் கூட இருந்தால் இடர்நிலை ஒரு படி ஏறும். மிடோஸ்டாரினை எட்டாம் நாளில் தொடங்க வேண்டும் என்பதால், அதற்குள் கைக்கு வராத எஃப்எல்டி3 முடிவால் நோயாளிக்கு முழுப் பயன் இல்லை. சிஇபிபிஏ மரபணுவின் பிசிப் பகுதியில் மாற்றம் உள்ளவர்கள் நல்ல இடர்நிலையினர்.

ஏஎஸ்எக்ஸ்எல்1, எஸ்ஆர்எஸ்எஃப்2, எஸ்டிஏஜி2 போன்ற மரபணுக்களின் மாற்றம், செல்களில் வடிவக் கோளாறே தெரியாவிட்டாலும், நோயை மைலோடிஸ்பிளாசியா சார்ந்த பிரிவில் சேர்க்கும். டிபி53 மாற்றம் உள்ளவர்களுக்கு இன்றுள்ள எந்தச் சிகிச்சையும் நீடித்த பலன் தருவது அரிது. அதை முதலிலேயே குடும்பத்திடம் பேசுவது மருத்துவரின் கடமை. டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளின் மெகாகேரியோசைட் வகை இதற்கு நேரெதிர்: ஜிஏடிஏ1 மாற்றத்தோடு வரும் அது, குறைந்த வீரியக் கீமோவிலேயே நன்றாகக் குணமாகிறது.

ஆகவே ‘ஏ.எம்.எல்.-எம்2’ என்று மட்டும் முடியும் அறிக்கை இனி போதாது. செல்வடிவம், ஃப்ளோ, காரியோடைப், மரபணு முடிவு நான்கும் ஒரே தாளில் சேர வேண்டும். பிந்தி வரும் முடிவுகளைப் பின்னிணைப்பாகச் சேர்க்கலாம். ஏ.பி.எல். சந்தேகத்துக்கு மட்டும் அந்தத் தாள் தயாராகும்வரை காத்திருக்க வேண்டாம். பூச்சைப் பார்த்தவரே அந்த நிமிடமே வார்டைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிடட்டும்.