எழுத்தைத் தேடுவோர் பொருளை இழக்கலாமா?

எழுத்து, சொல், பொருள் என்னும் மூன்றும் ஒருங்கு கூடியவிடத்தேதான் மொழி உயிரோடு நிற்கும். இம்மூன்றையும் தனித்தனியே பிரித்து, எழுத்தை மட்டும் கையிற்கொண்டு ஆடும் ஒரு விளையாட்டு ஆங்கில உலகில் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக வேரூன்றி நிற்கின்றது. 'இசுகிராபிள்' என்பது அதன் பெயர். தமிழ்ப் பிள்ளைகளும் அதனை ஆடுகின்றனர்; ஆடும்பொருட்டு, இன்ன எழுத்தமைந்த ஆங்கிலச் சொற்கள் எவையெவை எனப் பட்டியலிட்டு உருப்போடுகின்றனர். அவ்வுழைப்பின் பயன் யாதென எண்ணிப் பார்த்தல் கல்வியாளர் கடனாகும்.

விளையாட்டைப் பழிப்பது நோக்கமன்று. அதனைப் படைத்தவரின் உழைப்பு போற்றத்தக்கதே. அமெரிக்கக் கட்டடக்கலைஞரான ஆல்பிரட் பட்சு என்பார், 1930களின் பொருளியல் நெருக்கடியில் வேலையிழந்திருந்த காலத்தில், செய்தித்தாள்களை விரித்துவைத்து எவ்வெழுத்து எத்துணை முறை வருகின்றதெனக் கையாலேயே எண்ணினார். அக்கணக்கின்படியே நூறு கட்டைகளுள் 'ஈ' என்னும் எழுத்துக்குப் பன்னிரண்டு கிடைத்தன. 'கியூ'வுக்கு ஒன்றே கிடைத்தது. மிகுதியாக வருவதற்கு மதிப்பு ஒன்று. அருகி வருவதற்கு மதிப்பு பத்து. 1948இல் சேம்சு புருனோ என்பார் அவ்விளையாட்டுக்கு இன்றைய பெயரைச் சூட்டிப் பரப்பினார்.

ஆங்கிலத்தில் 'கியூ'வை அடுத்து 'யூ' வருதலே பெருவழக்கு. 'கியூ' கையிலிருந்து 'யூ' இல்லாதான் திண்டாடுவான். ஆட்டமுடிவில் அக்கட்டை எஞ்சினால் அதன் மதிப்பு அவன் கணக்கிற் கழியும். ஆதலின் 'யூ' இன்றிக் 'கியூ' வரும் சொற்களை அவன் தேடுகின்றான். அவனுக்குக் கிடைப்பவை எவை? ஏமன் நாட்டார் மெல்லும் இலையின் பெயர். இசுலாமிய நடுவரைக் குறிக்கும் பெயர். உயிர்மூச்சாற்றலைக் குறிக்கும் சீனச்சொல். முன்னிரண்டும் அரபுச் சொற்கள். அடித்தொண்டையில் எழும் அரபுக் ககரத்தைக் குறிக்க அங்குக் 'கியூ' வந்தது. சீனச்சொல்லிலோ, 1958இல் சீன அரசு ஏற்ற உரோம எழுத்துமுறைப்படி, அதே எழுத்து சகரத்தை ஒத்த ஒலியைக் குறிக்கின்றது. ஓரெழுத்து, ஈரொலி, இருவேறு நாடு! இவ்வரலாறு எத்துணைச் சுவையுடையது! ஆனால் ஆடுவோன் இதனை அறியவேண்டுவதில்லை. எழுத்து இருந்தாற் போதும். எண் ஏறினாற் போதும்.

பொருளறியாமலே வெல்லலாம் என்பதற்குச் சான்று வேறெங்கும் தேடவேண்டா. நியூசிலாந்தைச் சேர்ந்த நைகல் இரிச்சர்ட்சு 2015இல் பிரெஞ்சுமொழி உலகப்போட்டியில் வாகை சூடினார். அவர் பிரெஞ்சு பேச அறியாதவர். சொற்பட்டியலை நெட்டுருச் செய்தே வென்றார். 2024இல் இசுப்பானிய மொழியிலும் அவ்வாறே வென்றார். அவருடைய நினைவாற்றல் உலகம் வியக்கத்தக்கது. ஆயினும் அவ்வெற்றி ஓர் உண்மையைப் பறைசாற்றுகின்றது: சொற்பட்டியலை அறிதல் மொழியை அறிதல் ஆகாது.

தமிழிலும் எழுத்து விளையாட்டு உண்டு. ஆனால் அது பொருளைக் கைவிட்டதில்லை. இதழோடு இதழ் ஒட்டாமலும் குவியாமலும் பாடும் இதழகல் பாவில் பகர மகர வகரங்களும் உகரம், ஒகரம் முதலிய உயிர்களும் வருதல் கூடா. 17ஆம் நூற்றாண்டினரான துறைமங்கலம் சிவப்பிரகாசர் இவ்வகையில் திருச்செந்தூர் முருகன்மேல் ஓர் அந்தாதியே பாடினார். அங்கு எழுத்து விலக்கப்பட்டது, பொருள் விலக்கப்படவில்லை. விலக்கும் முறையும் எழுத்தின் வடிவத்தைப் பற்றியதன்று. அது பிறக்கும் இடத்தைப் பற்றியது.

தொல்காப்பியர் மொழிக்கு முதலில் வரும் எழுத்துகளையும் இறுதியில் வரும் எழுத்துகளையும் வரையறுத்தார். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் எட்டும் தமிழ்ச்சொல்லின் முதலில் வாரா. வல்லின மெய் ஆறும் இறுதியில் நில்லா. இந்நெறியைக் கற்ற சிறுவன் ஒரு சொல்லின் முதலெழுத்தைக் கண்ட அளவிலேயே, 'இஃது அயலிடத்தினின்று வந்ததாகலாம்' என ஐயுறுவான், ஆராய்வான், தெளிவான். இங்கு எழுத்தைத் தேடுதல் சொல்லின் பிறப்பைத் தேடுதலாக முடிகின்றது. அங்கோ தேடல் எண்ணோடு நின்றுவிடுகின்றது.

இன்னொன்றும் கருதத்தக்கது. கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல் 'கேட்டமரன்' என ஆங்கில அகரமுதலியில் இடம்பெற்றுள்ளது. ஆங்கிலத்தில் அதற்கு ஒன்பது எழுத்து; அவற்றுள் நான்கு 'ஏ'. மிளகுத்தண்ணீரும் 'மல்லிகடானி' எனத் திரிந்து அங்கே அமர்ந்துள்ளது. இச்சொற்களைப் பலகையில் அடுக்கும் தமிழ்ச்சிறுவன், எண்ணை மட்டும் கூட்டிவிட்டு, தன் கடற்கரையில் மரங்களைக் கயிற்றாற் பிணைத்துக் கடலோடிய பரதவரை மறப்பானாயின், அதனினும் பெரிய தோல்வி அவனுக்கு வேறுண்டோ?

எனவே, பிள்ளைகள் ஆடட்டும்; தடுக்கவேண்டா. ஆயின் அவர்கள் தேடியெடுக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று வினாக்களைப் பெற்றோரும் ஆசிரியரும் எழுப்புதல் வேண்டும்: இதன் பொருள் யாது? இஃது எம்மொழியினின்று வந்தது? இதற்கு நேரான தமிழ்ச்சொல் யாது? அவ்வாறே ழகரம் அமைந்த சொற்கள் பத்து, ஞகரத்தில் தொடங்கும் சொற்கள் பத்து என நாள்தோறும் தமிழிலும் தேடச்செய்தல் வேண்டும். இதற்குப் பலகையும் வேண்டா, கட்டையும் வேண்டா, காசும் வேண்டா. ஓர் அகரமுதலியும் சிறிது நேரமும் போதும்.

எழுத்தைக் கூட்டிப் பெறும் எண் ஆட்டத்தோடு முடியும். சொல்லின் பொருளைத் தேடிப் பெறும் அறிவோ வாழ்நாள் முழுதும் உடன்வரும். பிள்ளைகளுக்கு எதனைத் தருவது? தமிழ்ப்பெற்றோர் எண்ணுக!